புவனகிரிப் பொண்ணு ஆடியதைப் பார்க்காதவள்

பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிய காலத்தில் நான் வலது கார்னர். எதிரணியிலிருந்து பாடி வருகிறவளின் கணுக்காலைக் குனிந்து பிடித்து நிறுத்துவதுதான் என் வேலை. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் சாயங்காலப் பயிற்சி நடக்கும். நாங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் எங்கள் விளையாட்டு டீச்சர் ஒரே வாக்கியத்தில் அதைக் கெடுத்துவிடுவார்.

“நீங்கள்லாம் அந்தப் புவனகிரிப் பொண்ணு ஆடுனத பாக்கலியேடி!”

யார் அந்தப் பெண் என்று கேட்டால் டீச்சருக்குச் சொல்லத் தெரியாது. கையை மேலே தூக்குவார், உடம்பை ஒருபக்கம் சாய்ப்பார், பிறகு “அதெல்லாம் பாத்தாத்தான்” என்று விட்டுவிடுவார். எங்களைவிட மூத்தவள், புவனகிரிப் பக்கம், ரெய்டு போனால் வெறுங்கையோடு திரும்பியதில்லை. தெரிந்தது அவ்வளவுதான். அவள் ஆடிய காலத்தில் நான் கைக்குழந்தையாகவோ நடை பழகிக்கொண்டோ இருந்திருப்பேன். ஆனாலும் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி ஒரு பதைப்பு எனக்கு வந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் பிறந்திருக்கக் கூடாதா என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். அம்மா சிரித்தாள்.

பள்ளி முடிந்ததும் கபடியும் முடிந்தது. ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்தேன், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூர்வீகம் புவனகிரி, இருப்பது சிதம்பரம் என்றார்கள். புவனகிரி என்ற சொல் காதில் விழுந்தபோது அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள்தான். ஆனால் அந்த ஊரில் எத்தனையோ பெண்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் போய் அதையெல்லாம் கேட்க முடியுமா?

கணவருக்கு ஒரே அக்கா. மங்கலம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர், உரக்கடைக்காரர் மனைவி. அண்ணி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். பந்தியில் கடைசியில் உட்காருவார், போட்டோவில் ஓரத்தில் நிற்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டு “போய்ட்டு வரேன்மா” என்று கிளம்பிவிடுவார்.

கல்யாணமான அடுத்த வருடம் ஒருநாள் அண்ணியை வழியனுப்ப சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். விருத்தாசலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். தலை நரைத்த ஒருவர், கையில் காய்கறிப் பையோடு, எங்களைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பி வந்தார். அண்ணியையே உற்றுப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“நீங்க புவனகிரிப் பொண்ணுதானம்மா?”

அண்ணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். “இல்லீங்க. நான் மங்கலம்பேட்டை” என்றார்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் போய்விட்டார். அந்த மனிதரின் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி வைத்துக் கேட்டேன். அவர் அந்தக் காலத்தில் வாலிபால் ஆடியவராம். போட்டிக்குப் போன இடத்தில் பெண்கள் கபடியைப் பார்த்தாராம்.

“அவங்களேதாம்மா. கோட்டுக்கு இந்தாண்ட நாலு பேர் மேல விழுந்து அமுக்குறாங்க. கை மட்டும் வெளிய வருது. வெளிய வந்த கை கோட்டத் தொடுது. அந்தக் கைய நான் மறக்கல” என்றார். “முகம் மாறிப்போச்சு. நிக்கிற நிலை மாறல. அதான் கண்டுபுடிச்சேன்.”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏங்க, அண்ணி கபடி ஆடுவாங்களா?” என்றேன்.

“ஆடிச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி. ஏன்?”

“ஏனா? நீங்க பாத்திருக்கீங்களா?”

“நான் அப்ப சின்னப் பையன். ஒருதரம் கூட்டிட்டுப் போனாங்க. நான் ஐஸ் வண்டி பின்னாடி போயிட்டேன்” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அவரை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன். போனில், நேரில், கோயில் பிரகாரத்தில், மாவு அரைக்கும்போது. “அதெல்லாம் இப்ப எதுக்கு? ஆடுனேன். கல்யாணம் ஆச்சு, நின்னுச்சு.” அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒரு போட்டோகூட இல்லை. கேடயங்கள் வீடு மாற்றியபோது எங்கேயோ போய்விட்டன. இன்றைக்கு ஆடுகிற பெண்களின் ஒவ்வொரு ரெய்டும் செல்போனில் கிடைக்கிறது. மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். நான் பார்க்க ஆசைப்பட்ட ஒருத்தி மட்டும் எதிலும் இல்லை. ஆனால் அவர் கையால் பிசைந்த சப்பாத்தியை நான் தின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையம். ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது வழக்கம்தான். நான் எல்லோரிடமும் ஒரே பேச்சைக் கொடுக்க ஆரம்பித்தேன். எந்த ஊரு? புவனகிரிப் பக்கமா? கபடி பாப்பீங்களா? அப்ப ஒரு பொண்ணு ஆடுனாங்களாமே?

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னது ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இடது காலை நீட்டித் தொட்டுவிட்டு ஓடுவாள் என்றார் ஒருவர். காலையே தூக்கமாட்டாள், எல்லாம் கைதான் என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். அவள் கபடி கபடி என்று பாடுவது மைதானத்துக்கு வெளியே ரோட்டில் கேட்கும் என்றார் சர்க்கரைக்குப் பார்க்க வந்த ஒரு பெரியவர். ஒரு காலத்தில் நடுவராக இருந்தவரோ, “சத்தமே வராதும்மா. மூச்சு விட்டுட்டாளான்னு நான் குனிஞ்சு கேக்கணும்” என்றார். ஒரு அம்மாள் கட்டை விரலால் பஞ்சை அழுத்திக்கொண்டே, “சிரிப்பா. தொட்டுட்டுத் திரும்பயில சிரிப்பா. அதான் எங்களுக்கு எரியும்” என்றார். அவர் எதிரணியில் ஆடியவர்.

எது உண்மை? படுத்தால் தூக்கம் வராது. இடது காலா, கையா? அண்ணி வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவர் நடையைக் கவனிப்பேன். வாசற்படி தாண்டும்போது எந்தக் கால் முதலில் வருகிறது, ஆட்டோவில் ஏறும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “எப்பப் பாத்தாலும் என் காலையே என்னாத்துக்குப் பாக்குற? வெடிப்பு அவ்ளோ அசிங்கமாவா இருக்கு?” என்றார். அடுத்த முறை வந்தபோது பாதத்தில் ஏதோ களிம்பு தடவியிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

போன வருடம் காணும் பொங்கலுக்கு எல்லோரும் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். எள் விழ இடமில்லாத கூட்டம். நாங்கள் கொஞ்சம் தள்ளி, படகுகள் கிடந்த பக்கமாக விரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம். புளிசாதம் முடிந்ததும் அண்ணியின் மகளும் அவள் வயசுப் பெண்களும் குச்சியால் மணலில் கோடு கிழித்துக் கபடி ஆரம்பித்தார்கள். என்னையும் இழுத்தார்கள். நான் போய் என் பழைய இடத்தில், வலது ஓரத்தில் நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் குறைந்தது.

“அண்ணி, வாங்களேன்” என்றேன்.

“போம்மா. இந்த வயசுல போய்…”

“அம்மா, சும்மா வந்து நில்லு போதும்” என்றாள் மகள். அவளுக்கும் அம்மாவைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. அண்ணி தன் கணவரைப் பார்த்தார். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “போ, போ” என்றார்.

அண்ணி எழுந்தார். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சும்மாதான் நின்றார். பிறகு அவர் முறை வந்தது. குனிந்து கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எங்கள் பக்கம் காலை வைத்தார்.

சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அலைச் சத்தத்தில் அவர் பாடுகிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. நடுவர் சொன்னதுதான் சரி என்று மனசுக்குள் கூவினேன். இடது பக்கம் ஒருத்தியை மிரட்டினார், அவள் பின்னால் விழுந்தாள். இதோ, இதோ பார்க்கப் போகிறேன். அண்ணி என் பக்கம் திரும்பினார். இடது கால் நீண்டு வந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பிடித்திருக்கமாட்டேன். என் கைகள் அவையாகவே போய்க் கணுக்காலைக் கவ்விக்கொண்டன. அண்ணி இழுத்தார். ஒரு இழுப்புதான். அதில் ஒன்றும் இல்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் கத்தினார்கள், என் முதுகில் தட்டினார்கள். என் கணவர் விரிப்பிலிருந்து விசில் அடித்தார்.

நான் எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய்விட்டேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. பார்க்க வேண்டும் என்று இத்தனை நாள் அலைந்ததற்கு இப்படியா பார்ப்பது? என் கைக்குள் அகப்பட்டது மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிற ஒரு அம்மாளின் கால். நான் தேடியது அந்தக் கால் இல்லை.

சற்று நேரத்தில் அண்ணியும் மணலைக் கழுவ வந்தார். மூச்சு இன்னும் இரைத்தது. முகம் மட்டும் சிவந்து, நான் பார்த்தே இராத மாதிரி இருந்தது.

“நல்லாப் புடிக்கிற. கார்னரா ஆடுன நீ?”

“ஆமா.”

“சொல்லவே இல்ல?”

நான் சொல்லித்தான் இருந்தேன். அவர் காதில் வாங்கியதில்லை. “புடிச்சிருக்கக் கூடாது அண்ணி” என்றேன்.

“அப்ப விட்டிருப்பியா? தெரிஞ்சு விட்டிருந்தின்னா உன் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டேன்.” பிறகு என் கண்ணைப் பார்த்துவிட்டார். “ஏய், எதுக்கு இப்ப இது?”

“ஊரே பாத்திருக்கு. எங்க டீச்சர் பாத்திருக்காங்க, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் பாத்திருக்காரு, எங்கிட்ட ரத்தம் குடுக்க வர்றவங்க பாத்திருக்காங்க. நான் மட்டும்தான் பாக்கல.”

அண்ணி குனிந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

“நான் பாத்தனா?” என்றார். “நான் ஆடுனத நானே பாத்தது இல்லியே. உள்ள போனா எதிர்ல இருக்கறவ காலு, கை, கண்ணு, அதுதான் தெரியும். நாம எப்படி இருக்கோம்னு எங்க தெரியும்? அப்ப யாரு போட்டோ புடிச்சா? மத்தவங்க கைதட்டுவாங்க. எதுக்குத் தட்டுறாங்கன்னு யோசிப்பேன்.”

இத்தனை நாளில் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

“என்னா சொல்றாங்க?” என்றார் மெதுவாக. “ரத்தம் குடுக்க வர்றவங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆலப்பாக்கம் தாண்டும்வரை நான்தான் பேசினேன். ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் சொன்ன மாதிரியே சொன்னேன். அண்ணி யாரோ ஒரு பெண்ணின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டார். சிலதற்கு “பொய்யி” என்றார். சிலதற்கு “அப்படியா ஆடுனேன்?” என்றார். ரோட்டுக்குக் கேட்கும் என்று பெரியவர் சொன்னதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். தொட்டுவிட்டுத் திரும்பும்போது சிரிப்பாளாம் என்றதற்கு மட்டும் சிரிக்கவில்லை. “நான் சிரிச்சனா? நெசமாவா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

அதன்பிறகு என் நோய் அண்ணிக்குத் தொற்றிக்கொண்டது. வேலை நேரத்தில் போன் வரும். “அந்த அம்மா மறுபடி வந்தாங்களா? வேற என்னா சொன்னாங்க?” கணவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார். புதிதாக ஏதாவது சொன்னால், அந்த ஆள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரியுமா, எந்த ஊர்ப் போட்டி என்று குடைவார். இல்லை என்றால் குரல் இறங்கிவிடும். எனக்கே பாவமாக இருக்கும்.

இந்த வருடம் புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பெண்கள் கபடிப் போட்டி என்று கேள்விப்பட்டதும் அண்ணியே கிளம்பி வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டிய களத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுக்குப் பின்வரிசையில் இரண்டு ஆண்கள். ஒருவர் நடுவயசு, இன்னொருவர் இளைஞர். களத்தில் ஒரு பெண் நல்ல ரெய்டு ஒன்றை முடித்துவிட்டு வந்தாள். இளைஞர் விசில் அடித்தார்.

“இதுக்கே விசிலா?” என்றார் நடுவயசுக்காரர். “எங்க ஊர்ல முந்தி ஒரு பொண்ணு ஆடிச்சு. அதப் பாத்திருக்கணும் நீ.”

நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். அவர் அதை விடுவித்துக்கொண்டு, நாற்காலியோடு சேர்ந்து பின்னால் திரும்பினார்.

“எப்படிங்க ஆடுவா?” என்றார்.

அவர் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. “எப்படிச் சொல்றதும்மா… தண்ணிப்பாம்பு மாதிரி. நீங்க இந்தப் பக்கமா? பாத்ததில்லியா?”

“இல்லீங்க. பாத்ததே இல்ல” என்றார் அண்ணி.

அவர் கையை நீட்டி, உடம்பை வளைத்துச் சொல்லிக்கொண்டே போனார். அண்ணி கண் இமைக்காமல் கேட்டார். நடுவர் விசில் ஊதினார். எதிரணியிலிருந்து ஒல்லியான ஒரு பெண் கோட்டைத் தொட்டு உள்ளே வந்தாள். அண்ணி சட்டென்று முன்னால் திரும்பி, எழுந்து நின்றுவிட்டார்.

“அம்மா, மறைக்குது, உக்காருங்க” என்றார் பின்னாலிருந்தவர்.

அண்ணி உட்காரவில்லை. நானும் எழுந்து நின்றேன்.