அலெக்சாந்திரியா யூதரிடம் அக்கா கற்றது

எங்கள் அக்கா சாவகச்சேரியில் பிறந்தவர். போர் துரத்த இலண்டன் வந்து, இல்ஃபோர்டில் குடியேறினார். அத்தான் இளவயதிலேயே காலமாக, தபாற்கந்தோர் கவுண்டரில் நின்று மகளையும் மகனையும் ஆளாக்கினார். அக்கா பிடிவாதக்காரி. இதை மறைத்து எழுதினால் அவரே வந்து திருத்துவார்.

அந்தப் பிடிவாதம் ஒரு பிழையும் செய்தது. வீட்டில் யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் அக்கா பதில் சொல்லமாட்டார். மகள் தமிழ் பழகிக்கொண்டாள். மகன் பேச்சையே நிறுத்திக்கொண்டான். வேலை கிடைத்ததும் தென் இலண்டனில் உள்ள நோர்பரிக்குத் தனியே போய்விட்டான்.

ஓய்வுபெற்றபின் அக்கா பண்டைய வரலாறு படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தார். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள் எபிரேயம் மறந்துபோய், தங்கள் வேதத்தையே கிரேக்கத்தில் ஓதினார்கள் என்று படித்த அன்று என்னை அழைத்தார்.

“தம்பி, ஜெருசலேமில கிரேக்க அரசனோட சண்டை பிடிச்சு நாட்டை மீட்ட குடும்பமே பிறகு பிள்ளையளுக்குக் கிரேக்கப் பேர் வைச்சிருக்குது. பேர் மாறிச்சு, பாஷை மாறிச்சு. அதுக்காக அவை யூதர் இல்லையெண்டு போச்சே? நான் ஏனடா என்ர பிள்ளையின்ர வாயை மூட வைச்சன்?”

அந்தச் சனிக்கிழமையே நோர்பரிக்குப் போனார். “எந்தப் பாஷையில எண்டாலும் கதை ராசா, நான் கேக்கிறன்” என்றாராம். அன்று பின்னேரம் முழுவதும் தாயும் மகனும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அதன்பின் அவன் வாராவாரம் வந்தான்.

நோய் முற்றியபோது அக்கா எனக்கு ஒரு கட்டளையிட்டார். “என்ர செத்தவீட்டில சுண்ணம் இடிக்கேக்க திருப்பொற்சுண்ணத்தை மகன்தான் பாடவேணும். பாட்டை இங்கிலீசு எழுத்தில அடிச்சுக் குடு. தமிழ் வாசிக்க ஏலாதெண்டு ஆரும் அவனைத் தள்ளி நிப்பாட்டக்கூடாது.”

இறுதிக் கிரியையன்று பெரியப்பா அந்தத் தாளைக் கண்டு, “செத்தவீட்டிலயும் இங்கிலீசோ?” என்று வாங்கக் கை நீட்டினார்.

“ஓம் பெரியப்பா, அக்காவின்ர சொல்லு” என்றேன். கொடுக்கவில்லை.

அக்காவின் மகன் பாடினான். ழகரமும் ளகரமும் தடுக்கின. இடையில் ஒருமுறை குரல் உடைந்தது. ஆனாலும் கடைசி வரிவரை பாடினான். நான் வாய்விட்டு அழுதேன்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், கிரியைகள் செய்த குருக்களுக்கும், முப்பத்தோரு நாளும் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் இந்த நினைவு மலரில் பதிகங்களைத் தமிழ், ஆங்கிலம் என இரண்டு எழுத்திலும் அச்சிட்டிருக்கிறோம். அதில் மனத்தாங்கல் உள்ளவர்கள் என்னிடம் வாருங்கள். அக்காவின் பிள்ளைகளிடம் போகவேண்டாம், அவர்கள் பாடட்டும்.