தாணுமாலயனின் கணினியில் ஆடி இல்லை

முழுதாகக் கேட்காமல் சரி சொல்லிவிடுவது தாணுமாலயனுக்குப் பிறவிக் குணம். அவரே இதை ஒப்புக்கொள்வார்; கேட்க ஆளிருந்தால் உதாரணத்தோடு விளக்குவார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் நீளமாக என்னவோ கேட்டார். மாப்பிள்ளையின் கண் உள்வாசலில் இருந்தது. சரி என்று தலையாட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு பூதப்பாண்டியை விட்டுவிட்டுத் திருவட்டாறில் வந்து இருக்கச் சம்மதமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அது முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது தெரியவந்தது. வாயில் பப்படம் இருந்ததால் மறுக்க முடியாமல் போய்விட்டது என்பார். இருபத்தாறு வருடமாகத் திருவட்டாறில்தான் இருக்கிறார்.

இருந்து, மற்றவர்களுக்கு வீட்டுப் பிளான் வரைகிறார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, பதினாலு வயதான ஒரு கணினி. அந்தக் கணினிக்கு ஒரு ரகசியம் உண்டு. அதில் ஆடி மாதம் வராது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை ஆடியில் வரைந்து கொடுத்த பிளானின் கீழ்மூலையில் தேதி தானாக அச்சாகிவிட்டது. வீட்டுக்காரர் அதைப் பார்த்து, ஆடியில் போட்ட கோட்டில் எப்படிக் கல்லிடுவது என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாணுமாலயன் அன்றே கணினியின் நாட்காட்டியைப் பின்னால் தள்ளினார். எங்கே நிறுத்துவது என்று யோசித்து, தன் சொந்த வீட்டுக்குக் கல்லிட்ட நாளில் நிறுத்தினார். 2013, தை மாதம், வளர்பிறை. அதைவிட நல்ல நாள் அவருக்குத் தெரியாது. அதன்பின் நாட்கள் ஓடி மாசி தாண்டும்போதெல்லாம் மறுபடி தைக்கு இழுத்து வைப்பார். பஞ்சாயத்துக்குப் போகும் பிரதியில் மட்டும் அந்த மூலையை மறைத்துவிட்டு, முத்திரைக்குக் கீழே அன்றைய தேதியைப் பேனாவால் எழுதுவார். திருவட்டாறு வட்டாரத்தில் பாதி வீடுகள் ஒரே தை மாதத்தில் பிறந்தவை. இதை அவர் தன் வாழ்க்கையின் ஒரே கண்டுபிடிப்பாக நினைத்திருந்தார்.

இந்த ஆடியில் ரெஜிஷா வந்தாள். குவைத்தில் நர்ஸ். திற்பரப்புப் பக்கம் ஆற்றங்கரையில் அவள் அப்பா விட்டுப்போன பன்னிரண்டு சென்ட் நிலத்தில் வீடு கட்டப் போகிறாள். ஒரு மாத லீவு. கல்லிடும்போது இருக்க மாட்டாள், கான்கிரீட் போடும்போதும் இருக்க மாட்டாள். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

“கடுதாசியில கோட்டப் பாத்தா எனக்கு ஒண்ணும் பிடி கிட்டல்ல சாரே. வீட்ட நாலு பக்கமும் சுத்திக் காணிச்சுத் தருவியளா? வெள்ளிக்கிழம பிளைட்டு. போறதுக்கு முன்ன ஒருக்க பாத்தா போரும்.”

தாணுமாலயன் சரி என்றார். கணினியைக் கேட்கவில்லை.

வீட்டைச் சுழற்றிக் காட்டச் சொன்னதும் அது பாதி சுவரில் நின்று மூச்சடக்கிவிட்டது. படத்துக்கென்று தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். நாகர்கோவிலில் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி வந்தார். திங்கட்கிழமை கணினியின் கூட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு பல்லி முட்டையும் ஒரு காலத்துத் தூசியும் இருந்தன. கார்டின் பற்களை ரப்பர் வைத்துத் தேய்த்துச் செருகினார். விசிறி சுற்றியது. அந்த நிமிடம் தன்னை ஒரு இன்ஜினீயர் என்றே நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு சாயங்காலம்வரை நின்றது.

கார்டு இருந்தால் போதாது, அதை வேலை வாங்க டிரைவர் என்ற மென்பொருளை ஏற்ற வேண்டும். கீழேயுள்ள நெட் சென்டரில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வந்தார். முதலில் கொண்டு வந்தது வேறு ரகக் கணினிக்கானது. மாற்றிக் கொண்டு வந்தார். முக்கால்வாசி ஏறியதும் திரையில் சிவப்புப் பெருக்கல் குறியோடு ஒரு செய்திப் பெட்டி வந்தது. சரி என்று அழுத்தினார்; எல்லாம் கலைந்தது. பழைய டிரைவரைத் துடைத்து எடுத்துவிட்டு ஏற்றினார். பெட்டி வந்தது. சேஃப் மோடு என்கிற அவசர நிலையில் கணினியைத் திறந்தும் துடைத்தார். கார்டைக் கழற்றி மாட்டினார். கணினியை அணைத்து அரைமணி நேரம் ஆறவும் விட்டார். புதன்கிழமை மத்தியானத்துக்குள் பெட்டி பதினொரு முறை வந்தது. பதினொரு முறையும் அது முழுதாக விரியும் முன்னே அவர் விரல் சரி என்று சொல்லிவிட்டது.

மத்தியானச் சோற்றோடு வந்த மனைவி அழகியநாயகி, குடல் வெளியே கிடந்த கணினியைப் பார்த்தாள்.

“தொறந்தாச்சு. மூடத் தெரியுமா?”

“அதுக்கும் ஒரு டிரைவர் வேணும்போல,” என்றார் தாணுமாலயன். சிரிக்க முயன்றார், வரவில்லை. செய்ய முடியாததற்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெண்ணை வீட்டைப் பார்க்காமலே விமானம் ஏற்றப் போகிறோம் என்பது பாதிச் சோற்றிலேயே அவரைக் கை கழுவ வைத்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரெஜிஷா வந்துவிட்டாள். அவளை ஸ்டூலில் உட்கார்த்திவிட்டுப் பன்னிரண்டாவது முறை ஏற்றினார். பெட்டி வந்தது. விரல் பாய்ந்தது.

“கைய எடுங்க சாரே. என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சியளா?”

“இங்கிலீஷ்ல என்னவோ சொல்லுகு மக்கா. எப்பவும் அதான் சொல்லுகு.”

மருந்து பாட்டிலின் லேபிளைப் படிக்கிற மாதிரி அவள் விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“இந்த டிரைவருக்குள்ள இருக்க சான்றிதழ் இன்னைய தேதிக்கு செல்லாதாம். கம்ப்யூட்டருக்க கடியாரத்த வச்சுதான் பாக்குகாம்.” அவள் கண் திரையின் மூலைக்குப் போனது. “இதென்ன சாரே, 2013ன்னு கிடக்கு?”

தாணுமாலயனுக்குக் காது மடல் சூடானது. பெட்டியில் கண்டபடி அந்த டிரைவருக்குச் சான்றிதழ் கொடுத்த வருடம் 2016. தையிலேயே உட்கார்ந்திருக்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத பிள்ளை. நம்பவில்லை, விரட்டிவிட்டது. கணினி மூன்று நாளாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பொய் சொன்னது தான்தான். மறைக்க வழியில்லாமல், ஆடி விஷயம் முழுவதையும் அவளிடம் சொன்னார்.

“நான் சர்ச்சுக்குப் போறவளாக்கும்,” என்றாள் ரெஜிஷா. “எனக்கு லீவு கெடச்சதே ஆடியிலதான். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

கேட்டிருக்கலாம். பன்னிரண்டு வருடத்தில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தேதியை இன்றைக்குக் கொண்டு வந்தார். டிரைவரை மறுபடி ஏற்றினார். நான்கு நிமிடம். திரை ஒருமுறை இருண்டு வெளுத்தது, பெட்டி வரவில்லை. ரெஜிஷாவின் வீடு வந்தது. மவுஸை லேசாக இழுத்ததும் முறுமுறுக்காமல் திரும்பியது: வாசல், கிணற்றுப் பக்கம், அடுக்களை.

“நிறுத்துங்க. அந்த ஜன்னல் வழியா ஆறு தெரியுமா?”

“ஆறு வரையல்ல மக்கா.”

“வேண்டாம். ஆறு எனக்குத் தெரியும்.” அவள் நெடுநேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளானை அச்செடுத்துக் கொடுத்தார். கீழ்மூலையில் ஆடியின் தேதி ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. ரெஜிஷா அதைச் சுருட்டினாள், மறுபடி விரித்தாள்.

“சாரே, அந்தப் பழைய தேதியில ஒண்ணு எடுத்துத் தருவியளா?”

“அது பொய்த் தேதியாக்கும் மக்கா. இப்பதானே வெட்கப்பட்டேன்.”

“2013 தையில எங்கப்பா இருந்தாவ. அந்த நெலத்துல வாழக்கன்னு வச்சிருந்தாவ.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “அவிய இருக்கச்ச போட்ட பிளான்னு ஒண்ணு எனக்க கையில கிடக்கட்டும். வேற யாருக்கும் காட்ட மாட்டேன்.”

தாணுமாலயன் நாட்காட்டியைத் திறந்தார். அவர் கண்டுபிடிப்பைத் தெரிந்தே கேட்டு வாங்கிய முதல் ஆள் இவள்தான். தேதியைத் திருப்பினால் கார்டு மறுபடி முரண்டு பிடிக்குமோ என்று பயமாக இருந்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று நாட்காட்டியைத் தைக்குத் தள்ளினார்.

அச்சுக்குக் கொடுத்ததும் திரையில் ஒரு பெட்டி வந்தது. விரல் தானாக எழுந்தது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மூன்று வரியையும் எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தார். தாள் தீர்ந்துவிட்டதாம்; வைத்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டுமாம்.

இருந்ததிலேயே நல்ல தாளாக ஒன்று எடுத்து வைத்தார். பிறகு சரி என்று அழுத்தினார்.