ராசம்மா அக்கா சொல்லாமல் போன பதில்

ராசம்மா அக்கா இறந்துவிட்டதை அவர் மகள் கவிதா போனில் சொன்னபோது நான் நீதிமன்ற வாசலில் நின்றிருந்தேன். அழுகைக்கு நடுவே அவள் இன்னொன்றும் கேட்டாள். "எரிக்குத இடத்துல, நீங்க என்ன ஆளுக, எந்தப் பக்கம் கொண்டு போகணும்னு கேக்காங்க மாமா. என்ன சொல்லட்டும்?" துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவரிடமும் சாதி கேட்கிறார்களே என்ற கோபம் மட்டுமல்ல, அக்கா மேலேயும் கோபம்.

தோழர்களே, உங்களில் பலர் அவரை டவுணில் நடந்த உண்ணாவிரத மேடையில் பார்த்திருப்பீர்கள். இலங்கைத் தமிழர்களுக்காக நாம் பந்தல் போட்டிருந்தோம். 'ஈழத்துச் சகோதரி பேசுகிறார்' என்று பேனர் கட்டி, அகதிகள் முகாமிலிருந்து அவரை அழைத்து வந்தோம். அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் ஈழத்தைப் பாத்ததே இல்லய்யா. சிலோன் மலையில தேயிலைத் தோட்டத்துல பொறந்தவ. எங்க தாத்தா இந்தா இருக்கிற ராதாபுரத்துலேருந்து கப்பலேறிப் போனவரு. அங்க எங்களை இந்தியாக்காரங்கன்னு சொல்லி வீட்டைக் கொளுத்தினாங்க. இங்க சிலோன்காரிங்கிறீங்க. உறவு உறவுன்னு கத்துறீங்களே, முகாமுக்கு வெளிய ஒரு வீடு வாடகைக்குத் தருவீங்களா?"

கைதட்டலாமா கூடாதா என்று பந்தலில் யாருக்கும் விளங்கவில்லை. கீழே இறங்கியதும் நம் ஆள் ஒருவரே அருகில் போய், அன்பாகத்தான், "வீடு பாத்திரலாம்க்கா. நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்காவின் குடியுரிமை வழக்கை வக்கீலாக நான் எடுத்தது அதற்குப் பிறகுதான். பூர்வீகம் இங்கே என்று காட்ட ஊரில் ஒரு சாட்சி கிடைத்தால் வழக்குக்கு வலு. இருவரும் ராதாபுரம் பக்கம் போய் வெயிலில் அலைந்தோம். தாத்தாவின் பெயரைக் கேட்டதும் ஒரு பெரியவருக்கு முகம் மலர்ந்தது.

"அந்தப் பேருல சிலோனுக்குப் போனவங்க இங்கன ரெண்டு தெருவுல உண்டு அண்ணாச்சி. இவங்க என்ன ஆளுகன்னு சொன்னா எந்தத் தெருன்னு தெரிஞ்சிரும். நானே கோர்ட்டுக்கு வந்து சொல்லுதேன்."

ஒரே ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. நானும் கெஞ்சினேன், பெரியவரும் கெஞ்சினார். கடைசியில் பேருந்து நிலையத்தில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன். "உங்களுக்காக வேண்டாம், கவிதாவுக்காகச் சொல்லக் கூடாதா?"

அக்கா பதறவில்லை. "அங்க இனத்தைக் கேட்டு வீட்டைப் பறிச்சாங்க தம்பி. இங்க சாதியைக் கேட்டுத்தான் நாட்டைக் குடுப்பாங்கன்னா, அதை வாங்க என் கை நீளாது" என்றார். பிறகு எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அக்கா எந்த நாட்டுக்கும் குடிமகளாக இல்லாமலே போய்ச் சேர்ந்தார். பிள்ளையின் வாழ்வைவிட அந்தப் பிடிவாதம் பெரிதா என்று மனதுக்குள் அவரோடு இன்றும் மல்லுக்கு நிற்கிறேன். ஜெயிக்கவும் முடியவில்லை, விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை.

அன்று கவிதாவிடம், "உள்ளதைச் சொல்லிரும்மா, காரியம் ஆகட்டும்" என்றேன்.

"எனக்குத் தெரியாதே மாமா. அம்மா எனக்குச் சொல்லித் தரவே இல்ல."

அந்தச் சுடுகாட்டை விட்டுவிட்டு மின்மயானத்தில் எரித்தோம். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் வீடு இருக்கும் தெருவைச் சொன்னாலே டவுணில் என் சாதியைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது பால்சோற்றோடு ஊட்டப்பட்டது. இப்போது என் பேத்திக்குப் பேச்சு வந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு எதைச் சொல்லித் தராமல் இருக்க வேண்டும் என்பதை அக்காவிடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டேன். இதை வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.