வலை அலமாரியில் வைத்த பாக்டீரியா

பாக்டீரியா மீது எனக்கு இருந்த மரியாதை, அந்த வயதில் எந்த மனிதர் மீதும் இருந்ததில்லை. காரணம், அப்பா கட்டிய வீடு.

அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். சேலையூரில் மனை வாங்கி, எழுபதுகளின் தொடக்கத்தில் வீடு எழுப்பினார். பின்பக்கம் ஓர் அறை சேர்க்கிறேன் என்று சுவரை இடித்தவர், திரும்பக் கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார். அதுவரை மழையும் தெருநாயும் எங்களோடுதான் குடித்தனம் செய்தன. அந்தச் சமயத்தில்தான் எம்.எஸ்ஸி. வகுப்பில் பாக்டீரியாவின் செல்சுவரைப் பற்றிப் பாடம் நடந்தது. அது உள்ளே குடியிருந்தபடியே சுவரை இங்கே கொஞ்சம் வெட்டி, வெட்டிய இடத்தில் புதுத் துண்டைச் செருகி, வீட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போகுமாம். ஒரு சொட்டு ஒழுகாது. வளர்ந்ததும் நடுவில் ஒரு சுவர் எழுப்பி ஒரு வீட்டை இரண்டு வீடாக்கிவிடும். சிமெண்ட் பர்மிட்டுக்கு அலைய வேண்டாம். போதாததற்கு, தன்னைவிட ஆயிரம் மடங்கு நீளமான குரோமோசோமை முறுக்கி மடித்து உள்ளே அடக்கி வைத்திருக்கும், சிக்கே விழாது. என் ஒற்றைப் பின்னலை அவிழ்க்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அதுங்களுக்கு மேஸ்திரி கிடையாதே, அதான்" என்றார்.

அப்பாவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ப்ராக்டிகலில் நான் முதலாவதாக வந்தால் கல்லூரியிலேயே டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைக்கும், வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் ஈஸ்டர் கழிந்ததும் இரும்புலியூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளையிடம் குறை ஒன்றுமில்லை. பெண் பார்க்க வந்தபோது பாக்டீரியா என்றால் வயிற்றுப்போக்குதானே என்று கேட்டார், அவ்வளவுதான்.

ப்ராக்டிகலுக்கு, சேற்றிலிருந்து நாமே பிரித்தெடுத்த பாக்டீரியாவில் ஸ்போர் உண்டாக்கிக் காட்ட வேண்டும். சாப்பாடு உள்ளவரை பாக்டீரியா தின்று பெருகும். தீர்ந்துவிட்டால், தனக்குள்ளேயே தடுப்பு எழுப்பி ஒரு சின்னச் செல்லைப் பிரித்து, குரோமோசோமின் ஒரு பிரதியை அதில் வைத்து, மேலே உறைக்கு மேல் உறை போர்த்தும். அதுதான் ஸ்போர். போர்த்தி முடித்ததும் தாய்ச் செல் உடைந்து அழிந்துபோகும். ஸ்போர் மட்டும் வெயில், வறட்சி, கொதிநீர் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கிடக்கும்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாணவர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். கல்லூரியைக் காலவரையின்றி மூடினார்கள். லேப் அட்டெண்டர் சாவியும் கையுமாக என்னிடம் வந்தார். "பூட்டிட்டா அல்லாம் பேஜாராப் பூடும்மா. உன்னுதை எடுத்துகினு போ. நான் ஒண்ணும் பாக்கல."

மாட்டிறைச்சிச் சாறு நிரம்பிய கண்ணாடிக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, கஞ்சியா?"

"இல்லைங்க, பாக்டீரியா."

பக்கத்தில் இருந்த அம்மாள் சட்டென்று எழுந்து முன்பக்கம் போய்விட்டாள். அந்தக் கூட்டத்திலும் இரண்டு பேர் சீட்டில் நானும் என் கோடிக்கணக்கான பரிவாரமும் சேலையூர் வரை ஜம்மென்று வந்தோம்.

மூன்று நாள் குடுவை என் மேசை மீது இருந்தது. நான்காம் நாள் பஞ்சு அடைப்பில் எறும்பு ஏறவே, எடுத்துப்போய்ச் சமையலறையில் கம்பி வலை அடித்த அலமாரிக்குள் வைத்தேன். அங்கேதான் புத்தி கெட்டது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கிடையாது. வலை அலமாரிக்குள் இருப்பது பாலோ, ரசமோ, நேற்றைய மீன் குழம்போ, சாயங்காலம் கொதித்தாக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். கொதிக்கும் நேரத்தை அவள் ஜெபமாலையால் அளப்பாள். கடிகாரம் இருந்தது, ஆனால் மாதாவை நம்பிய அளவுக்கு அதை அவள் நம்பவில்லை. பத்து மணி உருட்டினால் முட்டை அரை வேக்காடு, இருபது உருட்டினால் முழு வேக்காடு.

பெருங்களத்தூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டு நான் திரும்பியபோது, அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீருக்கு நடுவில் என் குடுவை நின்றுகொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஸ்போர் உண்டாக இன்னும் இரண்டு நாளாவது ஆகும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன், அதற்கு முன் கொதித்தால் எல்லாம் சாவுதான்.

"ஒரு மாதிரி வாடை அடிச்சுதுடி. அதான் இருபது மணி உருட்டிட்டேன். கண்ணாடி வெடிச்சுடுமேன்னு தண்ணிக்குள்ள நிறுத்தினேன்."

"ஜெபம் பண்ணிக்கிட்டே என் படிப்பைச் சாகடிச்சுட்டியேம்மா!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதெல்லாம் எழுதத் தகுந்தவை அல்ல. அம்மா அடுப்பை அணைத்தாள்.

இரண்டு நாளில் ஸ்ட்ரைக் முடிந்தது. செத்த பிணத்துக்கு வைத்தியம் பார்ப்பது போல, வெந்த சாற்றில் ஒரு துளியை, லேபில் பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டில் தீற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் தட்டு முழுக்க ஒரே ரகம், கலப்பில்லாமல் முளைத்திருந்தது. குடுவைச் சாற்றைச் சாயம் ஏற்றிப் பார்த்தேன், பச்சைப் பச்சையாக ஸ்போர்கள். நான்கு நாள் பட்டினியில் என் பாக்டீரியா ஸ்போராகியிருந்தது. உள்ளே நுழைந்திருந்த மற்றதையெல்லாம் அம்மாவின் அடுப்பு கொன்றிருந்தது. மற்றவர்களின் தட்டுகளில் கண்டதும் கலந்து வளர்ந்து கிடந்தது.

இதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மன்னிப்பும் கேட்க வேண்டிவரும். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

தேர்வு அன்று, வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் என் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கே. ஹீட் எப்படிக் கொடுத்தே?"

"வாட்டர் பாத், சார். எண்பது டிகிரி, பத்து நிமிஷம்."

"தெர்மாமீட்டர் வச்சா?"

"ஆமா சார்."

அவர் தலையாட்டிவிட்டு மார்க் போட்டார். நான்தான் முதல், வேலையும் எனக்குத்தான் என்று சாயங்காலம் துறைத்தலைவர் சொன்னார்.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் குழம்பினார். "அப்ப உங்கம்மா எதுக்கு இரும்புலியூர் போய் அந்தச் சம்பந்தத்தை வேண்டாம்னு சொல்லிட்டு வந்தா? 'பொண்ணு ஃபெயிலானா அது என் தப்பு, அவ இன்னொரு வருஷம் படிக்கட்டும்'னு நின்னாளே."

கோயிலைத் தவிர வேறெங்கும் தனியாகப் போகாதவள் அம்மா. நான் கத்திய மறுநாளே வெயிலில் நடந்து போய், முன்பின் பழகாதவர்கள் முன்னால் நின்று, என் தோல்விக்குத் தன்னைப் பொறுப்பாக்கிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது.

சமையலறைக்குப் போனேன். முதலாவதாக வந்த செய்தி அவள் காதில் விழுந்திருந்தது.

"அப்ப நான் அதைக் கெடுக்கலையா?" என்று கேட்டாள். ஆறு நாளாக அதே நினைப்பில்தான் இருந்திருக்கிறாள்.

"இல்லைம்மா. நீ கொதிக்க வச்சதாலதான் நான் ஜெயிச்சேன். சத்தியமா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "போடி. என் மனசுக்காகப் பொய் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு அரிசி களையத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என் பொருள் எதையும், தலை வாரும் சீப்பைக்கூட, என்னைக் கேட்காமல் அவள் தொட்டதே இல்லை.