சொந்த ஊர் என்ற கட்டம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கருங்காலி உருட்டுத்தடி கிடக்கிறது. ஒரு முழ நீளம், பெருவிரல் பருமன். அந்தக் காலக் கந்தோர்களில் பதிவேட்டில் கோடு போட இதைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு கையால் தடியை உருட்டி, மறு கையால் பேனாவை இழுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் தொட்டால் மை தடியில் பட்டுத் தாள் முழுக்க அப்பிவிடும். ஹட்டனில் நான் தட்டெழுத்தாளராக இருந்த, கல்லூரி என்று பெயர்கொண்ட தனியார் பள்ளிக்கூடத்தில் இதைக் கையாளத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். தை மாதக் குளிரில், சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் பனி மூடிக் கிடக்கும்போது, அவர் மேசையிலிருந்து இந்தத் தடி உருளும் சத்தம் வந்தால் வருடாந்தப் படிவம் வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அப்போதே தலைவலி தொடங்கிவிடும்.

அவர் எங்கள் பிரதம லிகிதர். தலைமையாசிரியரான அதிபரைத் தவிர எல்லோருக்கும் அவர் கிளாக்கரையா. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, அதே கல்லூரியில் படித்துத் தேறி, அங்கேயே உத்தியோகத்துக்கு வந்தவர். மனைவியும் நாலு பிள்ளைகளுமாகக் கல்லூரி கொடுத்த சிறிய வீட்டில் குடியிருந்தார். நான் பிறந்தது வடக்கே. அப்பாவுக்கு ஹட்டன் புகையிரத நிலையத்துக்கு மாற்றம் கிடைத்ததால், மூன்று வயதில் மலைக்கு வந்தவள். அந்த மலையில் பிறந்தவர் அவர், வந்து சேர்ந்தவள் நான். படிவம் மட்டும் அதை வேறு மாதிரிச் சொன்னது.

ஆண்டுதோறும் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய படிவம் அது. மாணவர் எத்தனை பேர், ஊழியர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு நாளில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சுதந்திரம் வந்து, அதன் பின்னாலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்த பிறகு, தலையை எண்ணினால் போதவில்லை, வகை பிரிக்க வேண்டியிருந்தது. வம்சாவழிப் பிரஜை, பதிவுப் பிரஜை, இந்தியர், மற்றையோர் என்று நாலு கட்டங்கள். அச்சடித்த தாள் போதாமல் கிளாக்கரையாவே கூடுதல் தாள்களில் கோடு போடுவார். சிங்களப் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் கேள்வியில்லாமல் முதல் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தாத்தன் காலத்தில் இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் வழியான தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நாலாவது கட்டம். இந்தியர் என்று போட அவர்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இல்லை, பிரஜை என்று போட இந்த நாட்டுக் காகிதமும் இல்லை. குறுக்கும் நெடுக்கும் கூட்டுத்தொகை பொருந்த வேண்டும் என்பதுதான் என் கவலை. யாரைக் கூட்டுகிறேன் என்று அப்போது யோசித்ததாக இன்று சொன்னால் அது பொய்.

ஊழியர் பட்டியலில் எனக்கு முதல் கட்டம். தன் பெயருக்கு நேரே நாலாவது கட்டத்தில் கிளாக்கரையா தன் கையாலேயே ஒன்று என்ற இலக்கத்தைப் போடுவார். சட்டம் வந்த புதிதிலேயே பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். "விசாரண மட்டும் வரட்டும் மிஸ், ரெண்டாவது கட்டத்துக்கு ஏறிப்புடுவேன்" என்று சிரிப்பார். ஒவ்வொரு தை மாதமும் இதே சிரிப்புத்தான். எனக்கே அலுத்துப்போன பிறகும் அவர் விடவில்லை.

மாணவர் சேரும் பதிவேட்டிலும் ஊழியர் பதிவேட்டிலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பிறந்த இடத்துக்குக் கட்டமே இல்லை. மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் மகனைக் கூட்டிவந்தவர், மழையில் நனைந்த கம்பளியை வாசலில் உதறிவிட்டு மேசைக்கு முன்னால் நிற்பார்.

"சொந்த ஊரு எதுங்க?"

"முசிறிப் பக்கமுங்க."

"போயிருக்கீங்களா?"

"நா எங்கிட்டுப் போறதுங்க? எங்க தாத்தன் வந்த ஊரு."

கிளாக்கரையா அழகான எழுத்தில் முசிறி என்று எழுதிக்கொள்வார். எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் விளங்கியது. மலையில் தோட்டம் வேறு, ஊர் வேறு. தோட்டம் வேலை செய்கிற இடம். ஊர் என்றால் சாதிசனமும் குலசாமியும் இருக்கிற இடம். பெண் கேட்டுப் போகிற வீட்டிலும் முதலில் விசாரிப்பது ஊரைத்தான். ஊர் சொல்லத் தெரியாதவனை நாதியற்றவன் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் கேட்ட மாத்திரத்தில், கண்ணால் பாராத ஊரை நிமிர்ந்து நின்று சொன்னார்கள். உத்தியோகத்தில் சேர்ந்த அன்று கிளாக்கரையாவும் தன் பெயருக்கு நேரே துறையூர் என்று எழுதியிருந்தார். துறையூர் இருக்கட்டும், அங்கே போகத் தாண்ட வேண்டிய கடலையே அவர் பார்த்ததில்லை.

அரசாங்கம் கல்லூரியைப் பொறுப்பேற்ற வருடம் அவருடைய விசாரணையும் வந்தது. பிரஜைகளாக இருக்கும் ஊழியர்கள் அரசாங்க சேவைக்கு மாறலாம், மற்றவர்கள் விலக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் பிறந்ததைத் தோட்டத்தில் யாரும் பதிந்திருக்கவில்லை, காட்டுவதற்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. அதனால் ஊழியர் பதிவேட்டில் அவருடைய வரியை உள்ளபடி பிரதி எடுத்து, அதிபரின் கையொப்பத்துடன் அனுப்பும்படி விசாரணைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பிரதியைத் தட்டெழுதுவது என் வேலை.

தாளை இயந்திரத்தில் செருகிவிட்டேன். கிளாக்கரையா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கட்டமும் அவசியந்தானுங்களா மிஸ்?"

"உள்ளபடி எண்டுதானே ஐயா கேட்டிருக்கினம். விட்டுப்போட்டு அடிச்சால் பிழையெல்லோ?"

"ஆமாங்க. அதுஞ் சரிதாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

அத்தனை வருடங்களில் அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டது அந்த ஒரு தடவைதான், அதையும் கேள்வியாகத்தான் கேட்டார். நான் அந்தக் கட்டத்தை விட்டிருக்கலாம். அதிபர் எதையும் வாசித்துக் கையொப்பமிடுகிறவர் அல்ல. ஆனால் எனக்கும் அரசாங்க உத்தியோகம் வரப்போகிறது, என் விரலிலிருந்து ஒரு பிழை போய்விடக் கூடாது என்று பயந்தேன். துறையூர் என்று ஓரெழுத்தும் தவறாமல் அடித்தேன்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் இந்தியாவிலுள்ள ஓர் ஊரைத் தம் சொந்த ஊரென்று தம் கைப்படவே எழுதியிருப்பதால், இந்த நாட்டில் நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகக் கொள்ள முடியாதாம். கிளாக்கரையா கடிதத்தை இரண்டு தடவை வாசித்து, மடிக்காமல் கடிதக் கோவையில் வைத்தார். "எழுத்து என்னோடதுதான் மிஸ். இல்லேன்னு எப்புடிச் சொல்றது?" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விலகுவதற்கு முன் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை அவருக்கு ஒன்று மிச்சமிருந்தது. அந்தத் தடவை அவர் சொந்த ஊரைக் கேட்கவில்லை. "புள்ள எங்க பொறந்துச்சு?" என்று கேட்டு, சொன்ன தோட்டத்தின் பெயரைச் சொந்த ஊர்க் கட்டத்தில் எழுதினார். கொத்மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னாங்க இது? நாங்க என்ன ஊரு பேரு இல்லாத சனமா? எங்க ஊரு நாமக்கல்லுங்க!"

"அது உங்க மனசுல இருக்கட்டுங்க. இந்தத் தாள்ல தோட்டம் இருக்கட்டும்."

"நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா, ஊரில்லாத பயன்னு எம்புள்ளயச் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டுங்க. நாளைக்கு வேற எடத்துல வேற ஒருத்தன் கேப்பான். அப்ப இந்தத் தாளு பேசும்."

அந்த மனிதர் சமாதானமாகாமல்தான் போனார். அவமானப்படுத்திவிட்டதாக அதிபரிடம் முறையிட்டும் இருந்தார். கிளாக்கரையா வாங்கிய கடைசித் திட்டு அதுதான். மறு வாரம் வீட்டைக் காலி செய்தார். சாவிகள், முத்திரைகள், உருட்டுத்தடி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு என்னிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். நாடற்ற தோட்டத்துச் சனங்களைப் பிரித்துக்கொள்ள இலங்கை, இந்திய அரசாங்கங்கள் உடன்பாடு செய்துகொண்டபின் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். துறையூருக்குத்தான் போனாரா என்று எனக்குத் தெரியாது.

அவர் விலகிய அடுத்த தை மாதம் படிவம் வந்தது. உருட்டுத்தடியால் நானே கோடு போட்டேன். இரண்டு தாள் மையில் நாசமாகி, மூன்றாவதுதான் சரிவந்தது. ஊழியர் பட்டியலின் நாலாவது கட்டத்தில் 'இல்லை' என்று அடித்தேன். முந்தின வருடங்களில் அந்த ஒன்றுக்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அந்த வருடம் வரவில்லை. கல்லூரியின் அறிக்கை முழுமையாகவும் ஒழுங்காகவும் இருந்ததாக மேலிடத்திலிருந்து பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. வைத்தியசாலையிலும் வங்கியிலும் இன்னும் படிவம் நிரப்புகிறேன். சொந்த ஊர் என்று கேட்டால், மூன்று வயதில் விட்டுவந்த ஊரைத்தான் எழுதுகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலியும் இல்லை, கிணறும் இல்லை. ஆனாலும் எவரும் என்னை மறுகேள்வி கேட்டதில்லை.

உருட்டுத்தடி கல்லூரியின் சொத்து. பொருட்பட்டியலில் அதற்கென்று ஒரு வரி இருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று, ஒப்படைப்பதற்காக அந்தப் பட்டியலைப் புதிதாகத் தட்டெழுதியபோது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு, தடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு வரியை விடுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.