அக்ஸில் இல்லாத வண்டிக்கு ஓர் அனுமதி

1. படிவம்

ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீதி அலுவலகத்தில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பாரவண்டிகள் பாலம் கடக்க அனுமதி கேட்டால் கணக்குப் பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. ஒரு நாள் வந்த படிவத்தில் வண்டியின் வகை 'இலகு ரக யுத்த தாங்கி' என்றிருந்தது. நிறை இருபத்தைந்து தொன். அக்ஸில், அதாவது சக்கர அச்சு, எத்தனை என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

அயல்நாடு ஒன்று சொந்தமாகச் செய்த தாங்கியாம். துறைமுகத்தில் இறக்கி, சம்பூர்ப் பக்கக் கடற்கரையில் இங்குள்ள இராணுவத்துக்கு ஓட்டிக் காட்டப் போகிறார்களாம். வழியில் ஒரு பழைய பாலம். முப்பது தொன்னுக்கு மேல் தாங்காது. பாலம் உடைந்தால் அக்கரைச் சனம் ஆஸ்பத்திரிக்கு வர வேறு வழியில்லை.

படிவத்தைக் கொண்டுவந்த இராணுவ அதிகாரி நன்றாகத் தமிழ் கதைத்தார்.

"இருபத்தைஞ்சு தொன் எப்பிடி சேர் இலகு?"

"பெரிய தாங்கி இதைவிட ரெண்டு மடங்கு. அது மலையில ஏற ஏலாது, சேத்தில புதைஞ்சுபோகும். காலாட்படை போற இடமெல்லாம் கூடப்போய்ச் சுடத்தான் இது."

"அக்ஸில்?"

"அக்ஸில் இல்லை. சங்கிலிதான்."

அக்ஸில் போடாமல் என் கணக்கு நகராது. தலையைச் சொறிந்துகொண்டு மேலதிகாரியம்மாவிடம் போனேன்.

"லோ-பெட் லொறியில ஏத்திக்கொண்டு போகச் சொல்லுங்கோ. அதுக்கு அக்ஸில் இருக்குத்தானே?"

சந்தோஷமாக எழுதத் தொடங்கினேன். லோ-பெட்டின் நிறையையும் கூட்டியபோது நாற்பதைத் தாண்டிவிட்டது! தாங்கி தானே ஊர்ந்து போனால் சங்கிலி நீளத்துக்குப் படிந்து பாரத்தைப் பரப்பிவிடும். 'பாலத்தில் மட்டும் இறக்கி ஓட்டவும். வெறும் லோ-பெட் பிறகு வரட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். சரியா பிழையா என்று தெரியாமல் அன்று மத்தியானம் கணக்கை இன்னும் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

2. பாலம்

மறுநாள் காலை பாலத்தடியில் நின்றேன். சங்கிலி கடகடக்கத் தாங்கி உறுமிக்கொண்டு கடந்தது. குனிந்து பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. பெரிய எஞ்சினியர் என்ற நினைப்பு எனக்கு.

நிமிர்ந்தால் அக்கரை வீட்டு வளவுகளுக்குள் ஆட்கள் ஓடுகிறார்கள். சண்டையில் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த சனம். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக என்னிடம் வந்தாள். பைக்குள் காணி உறுதிப் பத்திரமும் அடையாள அட்டைகளும்.

"ஐயா, எந்தப் பக்கம் ஓடுறது?"

"பயப்படாதேங்கோ தங்கச்சி. இது காட்டுறதுக்குக் கொண்டுவந்தது. இலகு ரகம்." பதற்றத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"சத்தம் அதேதானே ஐயா. முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

கிராம சேவகருக்கு ஒரு போன் எடுத்திருந்தால் போதும். மூன்று பேர் பார்த்த படிவம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கணக்கு சரியாக வந்தும் இப்படி ஆனதே என்று குழம்பினேன், வெட்கப்பட்டேன். அவளை வீட்டுப் படலைவரை கூட்டிப் போனேன். பையை அவள் கீழே வைக்கவேயில்லை.

அதன் பிறகு அக்கரைக்கு ஒரு போன் எடுக்காமல் நான் எந்த அனுமதியிலும் கையெழுத்து வைத்ததில்லை. படிவத்தில் அதற்கு இன்றைக்கும் இடம் இல்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, அதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.