ராகு காலத்துக்கு முன் கழற்றிய ஹார்ட் டிஸ்க்

சில வருடங்களுக்கு முன், கடலூர் முதுநகரில் என் கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. புகுந்த வீடு சிதம்பரம். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் நான் மண்டபத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பதில் என் தாய்மாமா கறாராக இருந்தார்.

அப்போது நான் நண்டுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கடற்கரை கடற்கரையாக அலைந்து சேர்த்த படங்கள், அளவுகள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஆய்வகக் கணினியில் இடமில்லை என்று அங்கிருந்த பிரதியை அழித்தாயிற்று. மீதி இடத்தில் கல்யாண வீடியோவை ஏற்றித் தரச் சொல்லி, அதைத்தான் ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்திருந்தேன்.

கோப்புகளை அடுக்கி வைக்க ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு முறை உண்டு. ஈஎக்ஸ்டி4 என்ற முறை ஆய்வகத்து லினக்ஸுக்கு நல்லது. வீட்டு விண்டோஸில் லேசில் திறக்காது. என்டிஎஃப்எஸ் விண்டோஸுக்கு நல்லது. தோழியின் மேக்கில் படிக்கலாம், எழுத முடியாது. எக்ஸ்ஃபேட் எல்லா இடத்திலும் ஒத்துப்போகும். ஆனால் முதல் இரண்டும் ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் அதைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்கள் மாதிரி. நடுவழியில் ஏதாவது ஆனாலும் தேடிப் பிடித்துவிடலாம். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒயரை யார் பிடுங்கப்போகிறார்கள்?

மாமா பிடுங்கினார்.

நான் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது, சீர்ப் பெட்டியைக் கையில் வைத்தபடி அவர் ஸ்டுடியோக்காரரின் மேஜை அருகே நின்றிருந்தார்.

"இன்னும் ஏறிக்கிட்டு இருக்குண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"ஏறுன வரைக்கும் போதும் தம்பி. பொண்ணோட சாமான் பின்தங்கக் கூடாது" என்று சொல்லி, நான் மேஜையை எட்டும் முன் ஒயரை உருவி, டிஸ்க்கைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாகச் செருகினார். அவரே பெட்டியைக் காரில் ஏற்றினார்.

சாயங்காலம் சிதம்பரத்தில் அதை மடிக்கணினியில் செருகினேன். பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும் என்றது திரை. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். என்டிஎஃப்எஸ்ஸாக இருந்திருந்தால் பாதியில் நின்ற வீடியோ மட்டும் போயிருக்கும். பழைய கோப்புகள் அநேகமாகத் தப்பித்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து மாமா ஃபோன் செய்தார்.

"பெட்டில வச்சது எல்லாம் பத்திரமா வந்துச்சாம்மா?"

"வந்துச்சு மாமா" என்றேன்.

மீட்பு மென்பொருள் முக்கால்வாசிப் படங்களைத் திருப்பித் தந்தது. பெயரும் ஃபோல்டரும் இல்லாமல், வெறும் எண்களாக. எந்தக் கரையில் பிடித்த நண்டு என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கு அந்தப் படம் குப்பை. கேமரா படத்துக்குள் பதித்திருந்த தேதியைப் பார்த்து, அன்று எந்த ஊருக்குப் போனேன் என்று யோசித்து யோசித்து ஊர்ப்பெயர் போட்டோம். போட்டோம் என்றால், என் கணவரும்தான். கல்யாணமான புதிதில் சினிமாவுக்கு அழைத்துப் போக நினைத்த மனிதர், ஆண் நண்டு எது பெண் நண்டு எது என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டார். திரும்பி வராத படங்களுக்காக மறுபடி கடற்கரைக்குப் போனேன். பட்டம் தள்ளிப்போனது.

மாமாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. என் மேல் எனக்கிருந்த வருத்தம் போய்விட்டது. அவர் மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இப்போது என் வேலை இரண்டு டிஸ்க்குகளில் இருக்கிறது. கழற்றும் முன், கழற்றலாம் என்று கணினி சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். அந்தச் சில நொடிகளில், பெட்டியோடு நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் முகம் தவறாமல் நினைவுக்கு வருகிறது; கிளம்பும் நேரத்தில் எதுவும் கெட்டுவிடக் கூடாது என்றுதானே அவரும் பயந்தார்.